எட்டரை அடி ஏரி

2025 மார்ச் 14 அன்று சட்டப்பேரவையில் வாசிக்கப்பட்ட தமிழக நிதிநிலை அறிக்கை, சென்னைக்கு ஆறாவது நீர்த்தேக்கம் ஒன்றை நான்கு எண்களோடு அறிவித்தது. திருப்போரூரை ஒட்டிய கோவளம் உபவடிநிலத்தில் 4,375 ஏக்கர் பரப்பு, 1.6 டி.எம்.சி. கொள்ளளவு, 350 கோடி ரூபாய் மதிப்பீடு, நாளொன்றுக்கு 170 மில்லியன் லிட்டர் குடிநீர். சோழிங்கநல்லூர், மேடவாக்கம், பெரும்பாக்கம், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று லாரித் தண்ணீரை நம்பியே வளர்ந்துவிட்ட தென்புறநகருக்கு இந்தத் தண்ணீர் போகும். தேவை உண்மையானது, அதில் விவாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஒவ்வோர் ஆண்டும் கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போவதும் உண்மை. தேவையும் உபரியும் அருகருகே இருக்கும்போது நடுவில் ஒரு கரை எழுப்பலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு நீர்த்தேக்கத் திட்டத்தை அதன் நோக்கத்துக்காகப் பாராட்டுவது திறனாய்வாகாது. அதன் எண்கள் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதுதான் கேள்வி.

தனித்தனியே படித்தால் இந்த நான்கு எண்களிலும் குறை தெரியாது. முதல் இரண்டையும் வகுத்துப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 4,375 ஏக்கரில் 160 கோடி கன அடி நீரைப் பரப்பினால் சராசரி ஆழம் 8.4 அடி வருகிறது. அடுத்து இரண்டாவது எண்ணையும் நான்காவதையும் வகுக்கலாம். 1.6 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 4,530 கோடி லிட்டர். நாளுக்கு 17 கோடி லிட்டர் வீதம் எடுத்தால் 266 நாள் வரும். ஜனவரி முதல் தேதி ஏரி நிரம்பியிருந்தால் செப்டம்பர் நான்காவது வாரம் வரை ஓடும். அக்டோபரில் அடுத்த பருவமழை. கணக்கு அவ்வளவு பொருத்தமாக அமைகிறது. அந்தப் பொருத்தமே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. தேக்கிய நீர் முழுவதும் குழாய்க்குப் போனால்தான் இந்த 266 நாள். வெயில் குடிப்பதற்கும், மண் உறிஞ்சுவதற்கும், மதகு மட்டத்துக்குக் கீழே தங்குவதற்கும் இந்தக் கணக்கில் ஒரு சொட்டுகூட ஒதுக்கப்படவில்லை.

சென்னைக் கடற்கரையின் வெயிலிலும் காற்றிலும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் ஆவியாகும் என்று கொள்வது மிதமான மதிப்பீடுதான். அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ நான்கு அடி, ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே போகிறது. எட்டரை அடி ஏரியில் நான்கு அடி என்றால் ஏறக்குறைய பாதி. இங்கே திட்டக்காரர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு வெப்பச்சலன மழை உண்டு; அது ஏரியின் பரப்பில் நேராக விழுந்து ஓரடிக்கு மேல் ஈடு செய்யும். அதைக் கழித்தால் நிகர இழப்பு இரண்டரை அடி அளவில் நிற்கும். கடைசி ஓரடியைப் பம்ப் செய்ய முடியாது, செய்தாலும் அது சேறு. இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒன்பது மாதம் தொடர்ந்து எடுக்கக்கூடிய அளவு நாளுக்கு 100 மில்லியன் லிட்டரை ஒட்டி நிற்கிறது. இந்த மதிப்பீட்டில் பத்திருபது கூடலாம், குறையலாம். 170-ஐ மட்டும் எட்ட வழியில்லை.

பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. பரப்பை விரித்து ஆழத்தைக் குறைத்தது அலட்சியத்தால் நேர்ந்த பிழையும் அல்ல. பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட அந்த நிலம் உப்புக்களி படிந்த தாழ்நிலம். மென்களிமேல் உயரமான கரை எழுப்பினால் கரை அமுங்கும். கீழே தோண்டினாலோ சில அடியிலேயே உப்புநீர் ஊறும். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும் என்பதை அந்த இடமே விதித்துவிட்டது. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரும் குடத்தில் ஊற்றிய தண்ணீரும் மே மாத வெயிலில் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை வீட்டில் யாரும் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கோவளத்தில் குடம் வைக்க இடமில்லை, தாம்பாளம்தான் வைக்க முடியும். கேள்வியை இதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

பழைய ஏரிகளோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. செம்பரம்பாக்கத்தின் 24 அடியும் பூண்டியின் 35 அடியும் அளவுகோலில் காட்டப்படும் முழு உயரங்கள். சராசரி ஆழம் அதைவிடக் குறைவு. ஆகவே 24-ஐயும் 8.4-ஐயும் அருகருகே வைத்துச் சிரிப்பது நேர்மையாகாது. ஆனாலும் அந்த ஏரிகளுக்கு ஒரு சரிவு இருக்கிறது. நீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும், வெயிலுக்குக் காட்டும் முகமும் சிறுக்கும். தட்டையான படுகையில் அப்படி நடக்காது. பாதி நீர் போன பிறகும் ஏறக்குறைய அதே பரப்பு வெயிலில் கிடக்கும். ஆகவே இரண்டு ஏரிகளின் கொள்ளளவை ஒரே அலகில் எழுதிக் கூட்டிவிடலாம் என்ற பழக்கமே பிழையானது. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கன அடி என்று தினமும் செய்தித்தாளில் கூட்டிப் போடுகிறார்கள். 11,757 என்று வரும் அந்தக் கூட்டுத்தொகையில் ஒவ்வொரு கன அடியும் சம மதிப்புடையது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. கோவளம் வந்து சேர்ந்தால் பட்டியல் 13,000-ஐத் தாண்டும். ஆனால் அந்த 1,600-இல் எவ்வளவு ஆகஸ்டில் மிஞ்சும் என்பதைப் பட்டியல் காட்டாது.

இரண்டாவது அளவுகோல் இன்னும் கறாரானது. கோடைக்கு நீர் தருவதும், பருவமழை பொய்த்த ஆண்டைக் கடத்துவதும் இரண்டு வேறு பணிகள். சென்னையின் ஏரிகள் முதல் பணியை ஓரளவு நன்றாகச் செய்பவை. நாளுக்கு 1,000 மில்லியன் லிட்டர் என்று வைத்தால் மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. ஆகிறது, ஐந்து ஏரிகளும் நிரம்பினால் ஓர் ஆண்டு ஓடும், ஆவியாதலைக் கழித்தால் அதற்கும் குறைவு. அடுத்த ஆண்டுக்கு மிச்சம் வைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. 2015 டிசம்பரில் எல்லாம் நிரம்பி வழிந்தன. 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 கோடையில் கல்குவாரித் தண்ணீரைத் தேடிப் போனோம். 2018 மீண்டும் பொய்த்தது; 2019 ஜூனில் ஏரிகளின் இருப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. அந்த மாதம் செம்பரம்பாக்கத்தின் படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையோரம் செத்த மீன்கள் ஒதுங்கியிருந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வெட்டிச் சுருக்கப்பட்ட அன்றைய விநியோகம்கூட நாளுக்கு 52 கோடி லிட்டர் அளவில் இருந்தது. அதோடு வைத்துப் பார்த்தால் அந்த ரயில் அரசியலுக்கு உதவிய அளவுக்குத் தாகத்துக்கு உதவவில்லை.

அந்தக் கோடையில் நகரத்தைத் தாங்கியவை எவை? மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களும் வீராணமும். கடலுக்கு மழைக்கணக்கு கிடையாது. வீராணத்துக்கு நீர் கொள்ளிடம், வடவாறு வழியாக மேட்டூரிலிருந்து வருகிறது. அதன் விதி குடகு மலையின் தென்மேற்குப் பருவமழையில் எழுதப்படுகிறது. வீராணமும் வறண்ட ஆண்டுகள் உண்டு. ஆனால் அது வறள்வதற்கான காரணம் வேறு, காலம் வேறு. ஒரு புதிய ஆதாரத்தின் மதிப்பு எவ்வளவு தருகிறது என்பதைவிட எப்போது தருகிறது என்பதில் இருக்கிறது. மற்றவை கைவிடும் நாளில் அது கைகொடுக்க வேண்டும். இந்தச் சோதனையில் கோவளம் தோற்கிறது. பூண்டிக்கு மழை தரும் அதே காற்றழுத்தத் தாழ்வுதான் கோவளத்துக்கும் மழை தர வேண்டும். வங்கக் கடலில் புயல் எழாத ஆண்டில் இரண்டும் சேர்ந்தே காயும். ஆறாவது ஏரி ஐந்து ஏரிகளின் பலத்தைக் கூட்டுகிறது, அவற்றின் பலவீனத்தையும் அப்படியே திரும்பச் செய்கிறது.

இவற்றைத் தவிர இந்த இரண்டாவது அளவுகோலில் தேறிய பெருந்திட்டம், கிருஷ்ணா ஆற்று நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைதான், காகிதத்தில். 1983 ஒப்பந்தத்தின்படி தமிழக எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும், 68 டி.எம்.சி. கொள்ளும் கண்டலேறு அதற்குப் பின்னால் நிற்கிறது. வேறு மழை, வேறு ஆறு, பேரளவு. கருத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடப்பிலோ பல ஆண்டுகளில் பாதிகூட வரவில்லை. அதையும் உள்ளூர் மழையையும் பிடித்து வைக்கவென்று ஊத்துக்கோட்டைக்கு அருகே கட்டப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை 2013-இல் தொடங்கி, நிலத்துக்கான இழப்பீட்டுச் சிக்கல்களைத் தாண்டி, 380 கோடி ரூபாய் செலவில் 2020 நவம்பரில் திறப்பு கண்டது. அரை டி.எம்.சி.தான் கொள்ளும். ஆண்டுக்கு இருமுறை நிரப்பி ஒரு டி.எம்.சி. எடுக்கலாம் என்பது அதன் கருத்து. அந்தச் சிறிய ஏரியை நான் மதிக்கிறேன். தன் அளவை அது மிகைப்படுத்தவில்லை. எதை நம்பி நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை. கோவளத்தின் 170-க்குப் பின்னாலும் இருமுறை நிரப்பல் என்ற எண்ணம் இருக்கலாம். ஆனால் கிருஷ்ணா கால்வாய்போல அங்கே இரண்டாவது வரத்து கிடையாது. ஜூன் மழையில் ஏரி நிரம்பும் என்று எந்த நீரியலாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

வரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். அகலமான ஏரிக்கு வெயில் எதிரி என்றால் மழை நண்பன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 800 மில்லிமீட்டர் பெய்தால் 4,375 ஏக்கரில் நேராக விழுவதே அரை டி.எம்.சி. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எந்தக் கால்வாயும் இல்லாமல், எந்த ஆக்கிரமிப்பையும் அகற்றாமல், சாக்கடை கலக்காமல் வானத்திலிருந்து இறங்கும். மீதி மேலேயுள்ள ஏரிகளின் கலங்கல் வழியாக வர வேண்டும். அந்த ஏரிகளைச் சுற்றித்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. கான்கிரீட் தரையில் விழும் மழை விரைந்து ஓடும், அதனால் வரத்தின் அளவு கூடும். கூடவே, பாதாளச் சாக்கடை முழுமையடையாத அந்தப் புறநகரின் கழிவுநீரும் வரும்.

சிங்கப்பூர் இந்த இடத்தில் பயனுள்ள உரைகல். அங்கே 2008-இல் நகரின் நடுவே ஆற்று முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி மரினா நீர்த்தேக்கத்தை உருவாக்கினார்கள். உப்பு கழுவப்பட்டு நன்னீராக மாற 2010 ஆனது. இவ்வளவும் பலரும் மேற்கோள் காட்டுவது. அதிகம் சொல்லப்படாதது அதற்கு முன்கதை: 1977 முதல் 1987 வரை பத்து ஆண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் அதன் வடிநிலத்தையும் சுத்தம் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளும் தெருவோர உணவுக் கடைகளும் இடம் மாறின, சாக்கடைகள் தனிக் குழாய்க்குள் போயின. அணை அதற்குப் பிறகு, இருபது ஆண்டு கழித்து. சென்னை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் கரை, பிறகு சாக்கடை. எட்டரை அடி ஆழத்தில் கழிவு கலந்தால் வெங்காயத் தாமரை எவ்வளவு வேகமாகப் படரும் என்பதற்குச் சென்னையின் எந்த ஏரிக்கரையிலும் சாட்சி கிடைக்கும்.

கடற்கழியை நன்னீராக்கியதில் மூத்த முன்னோடி ஹாங்காங்கின் பிளோவர் கோவ். 1963-64-இல் நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் தண்ணீர் என்று நகரம் தவித்த காலத்தில் அது உருவாகிக்கொண்டிருந்தது. கடலின் ஒரு கையை இரண்டு கிலோமீட்டர் அணையால் அடைத்து, உப்புநீரை வெளியேற்றி, 1968-இல் 17 கோடி கன மீட்டர் நீர்த்தேக்கமாக முடித்தார்கள். 1973-இல் கரையை உயர்த்தி 23 கோடி ஆக்கினார்கள். நம் அலகில் எட்டு டி.எம்.சி. அதன் பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். கோவளம் அதைவிடப் பெரிய பரப்பில், 17 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு நீரைத்தான் தேக்கும். ஹாங்காங்குக்கு மலைகளுக்கு நடுவே ஆழமான கடல் வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், அவ்வளவு ஆழமான நீர்த்தேக்கம் கட்டியும் ஹாங்காங் தண்ணீர்க் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட 1982 வரை ஆனது என்ற வரலாற்றை நம் திட்டக்காரர்கள் கணக்கில் கொள்ளாததில். அதற்குள் இன்னொரு பெரிய கடல்நீர்த்தேக்கத்தை 1978-இல் கட்டி முடித்தார்கள். 1965 முதல் வரத் தொடங்கிய டோங்ஜியாங் ஆற்று நீரின் அளவையும் படிப்படியாகப் பெருக்கினார்கள். ஓர் ஏரியை மட்டும் நம்பி எந்த நகரமும் கோடையை வெல்லவில்லை.

வெள்ளத்தைத் தடுப்பதும் இந்தத் திட்டத்தின் பயனாகச் சொல்லப்படுகிறது. இங்கே நோக்கங்கள் மோதுகின்றன. வெள்ளம் தாங்க ஏரி காலியாக இருக்க வேண்டும், குடிநீர் தர நிரம்பியிருக்க வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை அனுபவித்தது. கோடையை எண்ணி நவம்பரிலேயே செம்பரம்பாக்கத்தை ஏறக்குறைய முழு அளவில் வைத்திருந்தார்கள். டிசம்பர் 1 இரவு பெருமழையோடு திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. ஏரி இயக்கத்தின் குறைகளைத் தணிக்கை அறிக்கை பிறகு சுட்டிக்காட்டியது. ஏரியைக் காலியாக வைத்திருந்து மழை பெய்யாமல் போயிருந்தால் அதே அதிகாரிகளை அதே கடுமையோடு திட்டியிருப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் எந்த மட்டம் என்ற அட்டவணை இல்லாமல் இரட்டை நோக்க ஏரியைக் கட்டுவது, அந்த இரவின் முடிவை மீண்டும் ஒரு செயற்பொறியாளர் தலையில் வைப்பதாகும்.

செலவுப் பகுதிக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2024-இல் திறக்கப்பட்ட நெம்மேலியின் இரண்டாவது நிலையம் நாளுக்கு 150 மில்லியன் லிட்டருக்கு 1,516 கோடி ரூபாய் விழுங்கியது. பேரூரில் எழும் 400 மில்லியன் லிட்டர் நிலையத்தின் மதிப்பீடு 4,000 கோடியைத் தாண்டுகிறது. மில்லியன் லிட்டருக்குப் பத்துக் கோடி என்று வைத்துக்கொள்ளலாம். கோவளத்தின் அறிவிக்கப்பட்ட கணக்கில் அது இரண்டு கோடி. என் கணக்கில் 100 மில்லியன் லிட்டர்தான் கிடைக்கும் என்றாலும் மூன்றரைக் கோடி. கடல்நீரில் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆண்டு முழுவதும் எரிய வேண்டும். ஏரித் தண்ணீருக்கு அவ்வளவு தேவையில்லை. சுத்திகரிப்பு நிலையம், குழாய், சாக்கடைப் பணி எல்லாவற்றையும் நேர்மையாகக் கூட்டினால் இடைவெளி சுருங்கும், மறையாது. ஆகவே ‘ஏரி வேண்டாம், கடல் போதும்’ என்பவர்களின் வாதம் பணத்தில் நிற்காது.

‘புதிய ஏரி எதற்கு, பழையதைத் தூர்வாருங்கள்’ என்ற வாதத்தையும் இதே கறாரோடு சோதிக்கலாம். ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். அவ்வளவு இடத்தை மண் எடுத்து உண்டாக்க, லாரிக்குப் பத்துக் கன மீட்டர் என்றால் 28 லட்சம் லாரி நடை. நாளுக்கு 1,000 நடை ஓட்டினாலும் ஏழரை ஆண்டுக்கு மேல். ஏரியில் நீர் நிற்கும் மாதங்களில் வேலை நடக்காது என்பதால் இன்னும் நீளும். ஆனால் அப்படிக் கிடைக்கும் ஒரு டி.எம்.சி. பரப்பைக் கூட்டாமல் ஆழத்தில் கிடைப்பது. வெயில் அதிலிருந்து கூடுதலாக எதையும் எடுக்காது, புதிதாக ஒரு ஏக்கர் நிலமும் கேட்காது. மெதுவான வேலை, மதிப்பு அதிகம். சிக்கராயபுரம் கல்குவாரிகள் இந்தத் தத்துவத்துக்குச் சிறிய சான்று. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகிய வாயோடு பச்சையாக நின்ற அந்தத் தண்ணீர், பெரிய ஏரிகள் வெடித்துக் கிடந்த 2017-இலும் 2019-இலும் நகரத்துக்கு வந்தது. ஆரணியாறு-கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி மணற்படுகை இதே தத்துவத்தின் பெரிய வடிவம். 1960-களில் ஐ.நா. துணையோடு ஆராயப்பட்டு, கிணற்று வயல்களாகி, மிகை உறிஞ்சலால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆவியாகாத அந்த ஏரியை நாம் கட்டவில்லை, கெடுக்க மட்டும் செய்தோம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கோடை முழுவதும் நாளுக்கு 170 மில்லியன் லிட்டர் தரும் நீர்த்தேக்கம் என்ற வடிவில் கோவளம் திட்டம் தேறாது. அதன் சொந்த எண்களே அதைத் தாங்கவில்லை. பஞ்ச ஆண்டுக்கான காப்பு என்ற வடிவிலும் தேறாது. வேறொரு வடிவில் தேறும். அந்த வடிவம் இதே கரைக்குள்ளேயே இருக்கிறது. இயக்கும் முறையை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆழமில்லாத ஏரியைச் சேமித்து வைப்பது பிழை, முதலில் செலவழிக்க வேண்டும். ஜனவரியில் கோவளம் நிரம்பியிருக்கிறது, புழலும் செம்பரம்பாக்கமும் நிரம்பியிருக்கின்றன. அப்போது நாளுக்கு 300 மில்லியன் லிட்டர் வீதம் கோவளத்திலிருந்து எடுத்தால் ஏப்ரலில் ஏரி தீரும். வெயில் உச்சத்துக்கு ஏறும் முன்பே நீர் குழாய்க்குள் போய்விடும். ஆவி எடுத்துக்கொள்வது ஒன்றரை, இரண்டு அடியோடு நிற்கும். அந்த நான்கு மாதமும் செம்பரம்பாக்கம் தன் நீரைத் தன் ஆழத்தில் வைத்திருக்கும், நெம்மேலியின் நீரை வடக்கே திருப்பலாம். மே முதல் கோவளம் காலி. காலியாக இருப்பதால் அக்டோபரில் வெள்ளம் தாங்கும் தகுதி அதற்குத் தானாக வந்துவிடும், நோக்கங்கள் மோதா. இதற்குச் சுத்திகரிப்பு நிலையமும் குழாய்களும் 170-க்குப் பதில் 300-க்கு அமைய வேண்டும், நகரைச் சுற்றி வரும் வளையக் குழாயோடு இணைய வேண்டும். ஆண்டில் எட்டு மாதம் சும்மா கிடக்கும் நிலையத்துக்குப் பணம் போடுவது தணிக்கையாளருக்கு வீணாகத் தெரியலாம். வெயிலுக்குக் கொடுக்கும் அரை டி.எம்.சி.க்கு யாரும் தணிக்கை நடத்துவதில்லை என்பதால்தான் அது வீணாகத் தெரிவதில்லை.

இந்த முறைக்கும் ஓர் எதிர்வாதம் உண்டு, அது பலமானது. உப்புக்களிப் படுகையை ஆண்டுதோறும் காயவிட்டால் கோடையில் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிப் பூக்கும். அடுத்த அக்டோபரின் முதல் நீர் அதைக் கரைத்துக் கரிக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் முதல் வரத்தைத் தேக்காமல் கழுவிவிட வேண்டும், அதற்கேற்ற அடிமதகு வரைபடத்தில் இருக்க வேண்டும். அப்படித் திறந்துவிடும் நன்னீர் வேறொரு கணக்கையும் ஓரளவு தீர்க்கும். முட்டுக்காட்டுக் கழியில் இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குக் கடல்நீரும் மழைநீரும் கலந்தால்தான் பிழைப்பு. மேலே கரை கட்டி மழைநீர் முழுவதையும் நிறுத்தினால் கீழே கழி வெறும் கடலாகிவிடும், இறால் குஞ்சு தங்காது. எந்த மாதத்தில் எவ்வளவு நன்னீர் கழிக்கு விடப்படும் என்ற எண், முதல் நான்கு எண்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக அச்சாகியிருக்க வேண்டும். கரைக்கு மண் கொட்டத் தொடங்கும் முன் இதை முடிவு செய்தால் வரைபடத்தில் ஒரு கோடுதான் மாறும். கரை எழுந்த பிறகு என்றால் களிமண்ணில் அமர்ந்த கரையை உடைத்து மதகு வைக்க வேண்டியிருக்கும்.